சிவப்புக் குடையை விட வெள்ளைக் குடைக்கு அஞ்சுங்கள்

அந்தமானின் சிப்பிகாட்டில் மே மாதம் மழை பிடித்தால் டிசம்பர் வரை மண் முழுதாய்க் காய்வதில்லை. பாக்குத் தோப்பின் ஓரத்திலும் மக்கிய மரத்திலும் ஒரே இரவில் காளான்கள் முளைத்துவிடும். ஊரில் பாட்டி பறித்துவந்து குழம்பு வைத்த நினைவில் கை தானாக நீளும். ஆனால் தமிழ்நாட்டுப் புற்றுமேட்டில் கற்ற அடையாளம் அந்தமான் காட்டில் செல்லும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நிறத்தை நம்பலாமா?

மழைக்காடுகளில் பளிச்சென்ற காளான்கள் ஏராளம். பட்ட கட்டையில் குங்குமத்தை அப்பியதுபோல் ஒட்டியிருப்பது பிக்னோபோரஸ். மஞ்சள் காலில் பழுப்புப் புனலாக நிற்பது மைக்ரோபோரஸ். இரண்டையும் திருப்பிப் பாருங்கள்: அடியில் இதழ்கள் இருக்காது, ஊசி குத்தியது போன்ற நுண்துளைகளே இருக்கும். தோல்போல் விறைத்திருப்பதால் இவை சமையலுக்கு ஆகா. சிறு கிண்ணம் போல் சிவந்திருப்பது குக்கீனா. அதற்குக் குடையும் இல்லை, இதழும் இல்லை.

ஊட்டி, கொடைக்கானல் பைன் தோட்டங்களில் காணப்படும் அமானிட்டா மஸ்காரியா சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்தது. தின்றால் இரண்டு மணி நேரத்துக்குள் மயக்கமும் பிதற்றலும் வரும். மழையில் பொட்டுகள் கழுவப்பட்டு, சிவப்பும் வெளுத்துவிடும். அப்போது படத்தில் பார்த்த அடையாளம் உதவாது.

அதைவிடக் கொடியது அதே அமானிட்டா பேரினத்தின் 'டெத் கேப்'. வெளிர்பச்சை அல்லது வெள்ளை நிறத்தில், சந்தைக் காளான் போலவே சாதுவாக இருக்கும். 2012 புத்தாண்டு வேளையில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இதைத் தின்ற இருவர் இறந்தனர். ஆசியாவிலிருந்து குடியேறியவர்கள் இதைத் தங்கள் ஊர் வைக்கோல் காளான் என்று எண்ணி ஏமாறுவது பலமுறை நடந்திருக்கிறது. இரண்டுக்குமே தண்டின் அடியில் பை உண்டு. கிள்ளிப் பறித்தால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தனர்; பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துக் குடும்பத்தினர்.

உதவாத சோதனைகள்

வெள்ளிக்கரண்டி கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, புழு தின்றிருக்கிறது, நன்றாக வேகவைத்தோம். இவற்றில் எதுவும் காப்பாற்றாது. டெத் கேப்பில் உள்ள அமாடாக்சின் என்ற நச்சு கொதிநீரிலும் அழியாது.

கடிகாரத்தைப் பாருங்கள்

தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் வாந்தி வந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இன்னும் ஆபத்தானவை. அடுத்த நாள் தேறியது போலிருக்கும். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

112-ஐ அழையுங்கள், அல்லது நேராக ஸ்ரீ விஜயபுரம் (போர்ட் பிளேர்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவும் பகலும் பேசும். மீதிக் காளானையோ குழம்பையோ கையோடு கொண்டுபோங்கள். அதே சட்டியில் சாப்பிட்ட அனைவரும், நலமாக இருப்பவர்கள் உட்பட, பரிசோதனைக்குப் போக வேண்டும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

உங்கள் உரிமை

'போலீஸ் கேஸ், முதலில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்' என்று எந்த மருத்துவமனையும் திருப்பி அனுப்ப முடியாது. உயிர் காக்கும் சிகிச்சைதான் முதல் கடமை என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துவிட்டது.

கடையிலோ ஓட்டலிலோ வாங்கிய காளானால் கேடு நேர்ந்தால், உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006-இன் 65-ஆம் பிரிவு இழப்பீட்டுக்கு வழிசெய்கிறது: உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாமல், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றப் பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. ரசீதையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். காட்டில் தானே பறித்துத் தின்றவருக்கு இந்த இழப்பீடு கேட்க எதிராளியே இல்லை.

காளான் ஆசையை அடக்க வேண்டியதில்லை. ஒரு பை வைக்கோலும் நல்ல வித்தும் நிழலும் இருந்தால் வீட்டிலேயே சிப்பிக் காளான் வளரும். காட்டுக் காளானைப் பார்த்து ரசியுங்கள், படம் பிடியுங்கள். சட்டிக்கு வருவது யார் வளர்த்தது என்று தெரிந்த காளானாக இருக்கட்டும்.