பல்லிடுக்கில் ஒரு கடற்கரை

சீட்டுக்கட்டுச் சீட்டளவில் ஒரு மரத்துண்டு. அதன் நடுவில் ஒரு துளை. துளையில் கோத்த நூலில் சில முடிச்சுகள். சோழமண்டலக் கரையில் பாய்மரக் கப்பல் ஓட்டிய தண்டல்கள், அதாவது கப்பல் தலைவர்கள், நடுக்கடல் இருட்டில் ஊர் வழியைக் கண்டுபிடிக்க இது போதும். தமிழ் மாலுமிகள் இதை இராப்பலகை என்றார்கள். அரபு மாலுமிகளுக்குக் கமால்.

ஒரு முடிச்சைப் பல்லில் கடித்து, நூல் விறைக்கும்வரை பலகையை முன்னால் நீட்ட வேண்டும். கீழ்விளிம்பைத் தொடுவானத்தின்மேல் உட்கார வைக்க வேண்டும். மேல்விளிம்பைத் துருவ நட்சத்திரம் தொட்டுவிட்டால், அந்த முடிச்சுக்குரிய ஊருக்கு நேராகக் கப்பல் வந்துவிட்டது!

எப்படி? துருவ நட்சத்திரம் வடமுனையில் நிற்பவருக்கு உச்சந்தலைக்கு மேலே தெரியும். நிலநடுக்கோட்டில் நிற்பவருக்குத் தொடுவானத்தில் கிடக்கும். நடுவே எத்தனை பாகை வடக்கே போகிறோமோ அத்தனை பாகை அது உயரும். இந்தப் பாகைக் கணக்குதான் அட்சரேகை. கன்னியாகுமரியில் 8, நாகப்பட்டினத்தில் 10.8, சென்னையில் 13.

வானத்தை அளக்க அரபு மாலுமிகள் வைத்திருந்த அலகு 'இஸ்பா'. விரல் என்று பொருள். ஒரு விரல் சுமார் 1.6 பாகை. கடலில் அது ஏறக்குறைய 180 கி.மீ. நாகைக்கும் சென்னைக்கும் நடுவே வானத்தில் ஒன்றரை விரல்கூட இல்லை!

இனி நூலின் வேலை. பலகை கண்ணைவிட்டு விலக விலகச் சிறிதாகத் தெரியும். 5.4 செ.மீ. உயரமுள்ள ஏடிஎம் அட்டையைப் பலகையாகக் கொண்டால், சென்னை நட்சத்திரத்துக்கு அதைக் கண்ணிலிருந்து 23 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும், நாகைக்கு 28, குமரிக்கு 38. தெற்கே போகப் போக நட்சத்திரம் தாழும், நூல் நீளும். இதற்கு முக்கோணவியல் படித்திருக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் இருக்கும்போதே பலகையைப் பிடித்துப் பார்த்து, நூல் பல்லுக்கு வரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டால் தீர்ந்தது. கணக்கை நூல் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஆனால் அட்சரேகை வடக்கு–தெற்கு மட்டுமே சொல்லும். கிழக்கு–மேற்கு பற்றி வாய் திறக்காது. இங்கேதான் கரையின் வடிவம் கைகொடுக்கிறது. கோடியக்கரையிலிருந்து சென்னைவரை நம் கரை கிட்டத்தட்ட நேர் வடக்காக ஓடுகிறது. ஆக, ஓர் அட்சரேகைக்கு ஓர் ஊர். பர்மாவிலிருந்து திரும்பும் கப்பல் நாகையின் முடிச்சு பொருந்தும் இடத்துக்கு வந்து, அங்கிருந்து மேற்கே திரும்பி, அந்த முடிச்சு பிசகாமல் ஓடினால் நாகைக்கு அருகே கரை தட்டுப்படும். மிச்சத்தை, 1867 வரை அங்கே நின்ற பௌத்தக் கோபுரம் காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வேகம் குறைந்த பம்பரம்போலப் பூமியின் அச்சு, சுமார் 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று தலையாட்டுகிறது. அதனால் 1500 வாக்கில் துருவ நட்சத்திரம் வானின் வடமுனையிலிருந்து சுமார் மூன்றரைப் பாகை விலகி, நாள்தோறும் சிறு வட்டமிட்டது. அது உச்சியில் இருக்கும்போது அளந்தால், நாகைக்கு நேரே மிதப்பவர் சென்னையையே தாண்டிவிட்டதாக நினைப்பார். 15ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜித் காலத்தவர் இதற்கு வழி வைத்திருந்தார்கள்: அது மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில் அளப்பது. அந்த வேளை வந்ததை மற்ற விண்மீன்கள் சொல்லும்.

இப்போது அந்த விலகல் ஒரு பாகைக்கும் குறைவு. இராமேசுவரத்தின் வடகரையில் ஓர் இரவு, ஏடிஎம் அட்டையில் நூல் கட்டிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் முடிச்சு 33 செ.மீ.யை ஒட்டி விழும்.