ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டர் கிடைப்பாரா?

‘ஒரே டிப்ரஷன் மச்சான்!’

அரியர் விழுந்தா, ஆளு முறைச்சா, மெஸ்ல மறுபடியும் உப்புமா போட்டா... எல்லாத்துக்கும் நம்ம கேம்பஸ்ல இதே டயலாக்தான். ஆனா, நிஜமாவே டிப்ரஷன்ல இருக்கறவங்க இப்படி சத்தமா சொல்றதில்லை பாஸ். க்ளாஸுக்கு வரமாட்டாங்க. சாப்பாடு இறங்காது. கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டா, ‘நீங்க போங்கடா’ன்னு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துடுவாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல கிட்டத்தட்ட தினமும் இப்படியே போச்சுன்னா, அதை மூட் அவுட்னு விட்டுடக் கூடாது. டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய விஷயம்.

காட்டலாம்தான். ஆனா, வீட்ல சொன்னா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்களோன்னு பயம். ஆஸ்பத்திரி வாசல்ல சொந்தக்காரர் யாராவது பார்த்துட்டா, பேச்சு தங்கச்சி கல்யாணம் வரைக்கும் நீளும். அதனால ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள செல்போனைத் தடவிட்டு இருக்காங்க. அந்த செல்போன்ல உதவி இருக்கா?

இருக்கு. முதல்ல 14416-ஐ போன்ல சேவ் பண்ணிக்கங்க. ‘டெலி மானஸ்’. 2022 அக்டோபர் 10, உலக மனநல தினத்தன்று மத்திய அரசு ஆரம்பிச்ச சேவை. பெங்களூரு நிம்ஹான்ஸ் வழிநடத்துது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். முதல்ல ஒரு ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டா மனநல மருத்துவர்கிட்ட அனுப்புவாங்க.

‘கம்ப்யூட்டர் வழியா சிகிச்சையெல்லாம் வேலைக்கு ஆகுமா?’ன்னு கேட்கறீங்களா? ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம் 2001-லயே ‘மூட்ஜிம்’னு ஒரு இணையப் பயிற்சியை உருவாக்குச்சு. நம்மை நாமே திட்டிக்கிற நினைப்புகளை அடையாளம் கண்டு, மாத்திப் பழகுற பயிற்சி. 2004-ல 525 பேரை வெச்சு நடத்தின ஆய்வுல, அறிகுறிகள் குறையறது தெரிஞ்சது. ஆனா இந்த மாதிரிப் பயிற்சிகளை நிறைய பேர் பாதியிலேயே விட்டுடறாங்க. நாம என்பிடெல் கோர்ஸ்ல சேர்ந்துட்டு மூணாவது வாரம் காணாமப் போறோமே, அதே கதை! வாரம் ஒரு தடவை ஒரு ஆள் விசாரிச்சு வழிநடத்தினா, பலன் கூடுதல். ஸோ, வெறும் ஆப்பை மட்டும் நம்பாதீங்க. அந்தப் பக்கம் மனுஷங்க இருக்கணும்.

எந்த மனுஷங்க? அங்கேதான் உஷாரா இருக்கணும். ‘லைஃப் கோச்’, ‘வெல்னஸ் எக்ஸ்பர்ட்’னு நாளைக்கு நானே போர்டு மாட்டலாம், பி.இ. போதும்! மனநல மருத்துவர்னா மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் இருக்கும். 2020 மார்ச்ல வந்த டெலிமெடிசின் விதிகள்படி, மருந்துச் சீட்டுல அந்த எண் இருந்தாகணும். க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண். தயங்காம கேளுங்க. சொல்ல மழுப்பினா கட் பண்ணிட்டு அடுத்த ஆளைப் பாருங்க.

மாத்திரை எழுதினா, அது வேலை செய்யவே சில வாரங்கள் ஆகும். நாலாவது நாளே ‘ஒண்ணும் ஆகலை’ன்னு நீங்களா நிறுத்தக்கூடாது. ரூம்மேட் மாத்திரையை வாங்கிப் போடவே கூடாது.

நெட்ல சுத்தற ‘பி.ஹெச்.க்யூ-9’ங்கிற ஒன்பது கேள்வியும் ஒரு அடையாளம்தான். 10 மார்க்கோ அதுக்கு மேலயோ வந்தா டாக்டரைப் பாருங்கன்னு அர்த்தம். ஒன்பதாவது கேள்வி, செத்துடலாம்னு தோணுதான்னு கேட்கும். அதுக்கு பதில் ‘ஆமா’ன்னா மார்க்கைக் கூட்டிட்டு இருக்காதீங்க. உடனே போன் பண்ணுங்க. சென்னை ‘சினேகா’ 1986-லேர்ந்து இதுக்காகவே இயங்குது: 044-24640050.

நம்ம ஹாஸ்டல்ல நாலு பேர் ரூம்ல தனியா பேச இடம் ஏது? மொட்டைமாடி தண்ணி டேங்க் பக்கம் போயிடுங்க, சிக்னலும் கிடைக்கும். ரகசியம் வெளியே போயிடுமேன்னு பயமா? 2017-ம் வருட மனநலச் சட்டம் ரகசியம் காக்கப்படறதை உங்க உரிமையாவே சொல்லுது. உயிருக்கே ஆபத்துங்கிற மாதிரி சில நிலைமைகள் மட்டும்தான் விதிவிலக்கு. 18 வயசு தாண்டிட்டா அப்பா கையெழுத்தும் வேண்டாம்.

ஒரு விஷயம். ஃப்ரெண்ட் நாலு நாளா சாப்பிடலை, யாரோ பேசற குரல் கேட்குதுங்கறான், இல்லைன்னா பொருளையெல்லாம் அடுத்தவங்களுக்குத் தூக்கிக் கொடுக்கறான்னா, ஆன்லைன்ல தேடிட்டு இருக்காதீங்க. அவனைத் தனியா விடாம, பக்கத்துல இருக்கற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆட்டோ பிடிங்க. அங்கே மனநலப் பிரிவு இருக்கும். சார்ஜர் எடுத்துக்கங்க, அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும்.