வீடு காலியானாலும் விலாசம் காலியாவதில்லை

2025 டிசம்பர் 19 அன்று தமிழ்நாட்டின் வரைவு வாக்காளர் பட்டியல் வந்தபோது அதில் 97.37 லட்சம் பெயர்கள் இல்லை. 6.41 கோடியாக இருந்த பட்டியல் 5.43 கோடியாகச் சுருங்கியிருந்தது. நீக்கப்பட்டவர்களில் இறந்தவர்கள் 26.94 லட்சம். ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பெயர் இருந்ததாக எடுக்கப்பட்டவர்கள் 3.39 லட்சம். பெரிய பங்கு மூன்றாவது வகையில் இருந்தது: குடிபெயர்ந்துவிட்டார்கள், அல்லது கொடுத்த விலாசத்தில் ஆள் இல்லை என்று குறிக்கப்பட்டவர்கள் 66.44 லட்சம். சென்னை மாவட்டத்தில் மட்டும் சுமார் 40 லட்சம் பெயர்களில் 14.25 லட்சம் போனது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

வீடு மாறியவர் வாக்காளர் பட்டியலில் விலாசம் மாற்ற நிரப்ப வேண்டியது படிவம் 8. கட்டணம் பூஜ்யம். 2022 ஆகஸ்ட் வரை தொகுதிக்குள் மாறினால் ஒரு படிவம், தொகுதி விட்டுத் தொகுதி போனால் இன்னொரு படிவம் என்று இருந்தது. இப்போது இரண்டுக்கும் இந்த ஒன்றே போதும். காசும் வேண்டாம், வரிசையும் வேண்டாம், ஆன்லைனில் போட்டுவிடலாம். அப்படியும் 66 லட்சம்.

விலாசம் மாற்றாமல் இருப்பதற்குக் காரணம் செலவு அல்ல என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரிக்கு வாடகைக்குப் போகும் நான்கு பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். ஒரு ஸ்கூட்டர், ஒரு கார், மாத வாடகை 18,000 ரூபாய். பின்கோடு 600004-லிருந்து 600042 ஆகிறது. சட்டமன்றத் தொகுதி மாறுகிறது. மக்களவைத் தொகுதி மாறவில்லை, இரண்டுமே தென்சென்னைதான்.

முதல் செலவு வாடகை ஒப்பந்தம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும். வேறு ஏற்பாடு பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ‘வேறு ஏற்பாடு’ என்ற இரண்டு வார்த்தைக்குள் சென்னை வீட்டு ஓனர்கள் எத்தனை மாதத்தை வேண்டுமானாலும் அடைத்துவிடுகிறார்கள், அது வேறு கதை. நம் கணக்குக்கு மூன்று மாதமே இருக்கட்டும். 11 மாத வாடகை 1,98,000 ரூபாய், அட்வான்ஸ் 54,000, கூட்டினால் 2,52,000. சார்பதிவாளர் அலுவலகத்திலும் பத்திரமாகப் பதிவு செய்தால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். மொத்தம் 5,040 ரூபாய். கணக்கிலேயே பெரிய தொகை இதுதான். ‘எதுக்கு சார் இதெல்லாம்’ என்று ஓனர் முதலில் தவிர்க்கப் பார்ப்பதும் இதைத்தான். அவர் கவலை முத்திரைத் தீர்வை அல்ல, வருமான வரி.

ஆனால் மற்ற எல்லா மாற்றங்களும் தொங்கும் ஆணி இந்தக் காகிதம். வாடகைக்காரர் பெயரில் இ.பி. கார்டு இருக்காது, சொத்து வரி ரசீது இருக்காது, தண்ணீர் வரி அட்டை இருக்காது. எல்லாம் ஓனர் பெயரில். வாடகைக்காரர் கையில் இருப்பது ஒப்பந்தம் ஒன்றே. அதனால் அதில் விலாசம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். சென்னைத் தெருக்களில் வாசல் தூணில் இரண்டு எண்கள் இருக்கும்: மேலே ‘புதிய எண் 27’, அதன் கீழே வெள்ளையடித்தும் மறையாமல் ‘பழைய எண் 12’. ஓனர் பழைய எண்ணைச் சொல்லி எழுத வைப்பார். கேஸ் ஏஜென்சி புதிய எண்ணைப் போடும். வங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ‘அட்ரஸ் மேட்ச் ஆகலை’ என்று திருப்பி அனுப்பும். இரண்டு எண்ணையும் ஒரே வரியில், ஒரே வரிசையில், எல்லா இடத்திலும் எழுதிவிடுவது நல்லது. மாடி, குறுக்குத் தெரு, முதல் குறுக்கா இரண்டாவது குறுக்கா என்பதும் அப்படியே.

அடுத்தது ஆதார். 2025 அக்டோபர் 1 முதல் விலாசம் மாற்ற 75 ரூபாய். அதற்கு முன் 50. நான்கு பேருக்கு 300 ரூபாய். மாற்றம் பதிவாக 30 நாள் வரை ஆகலாம். இங்கே ஒரு சிக்கல் வரும். ஒப்பந்தம் கணவர் பெயரில் மட்டுமே இருக்கும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எதைக் காட்டுவது? 2023 ஜனவரியில் இதற்கு ஒரு வழி வந்தது. குடும்பத் தலைவரின் ஆதார் விலாசத்தை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உறவுக்குச் சான்றாக ரேஷன் கார்டு போன்ற ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் தலைவரின் உறுதிமொழி. விண்ணப்பம் போனதும் தலைவருக்கு எஸ்எம்எஸ் வரும். அவர் 30 நாட்களுக்குள் ‘சரி’ சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் விண்ணப்பம் போய்விடும், கட்டிய பணமும் திரும்பாது. ஆக, முதலில் தலைவருக்கு 30 நாள், பிறகு மற்றவர்களுக்கு 30 நாள் என்று வைத்தால், மிஞ்சிப் போனால் இரண்டு மாதத்தில் நான்கு ஆதாரும் மாறிவிடும். தலைவர் என்பது அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தம் அம்மா பெயரில் இருந்தால் அம்மாவே.

வங்கிக்கு ஒரு ரூபாயும் இல்லை. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிப்படி, வாடிக்கையாளரின் விலாசம் மட்டும் மாறியிருந்தால் சுய உறுதிமொழி கொடுத்தால் போதும். பதிவு செய்த மின்னஞ்சல் அல்லது போன் வழியாகவும் கொடுக்கலாம். வங்கி அந்த விலாசத்தை இரண்டு மாதத்துக்குள் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். விதி இவ்வளவு தெளிவாக இருக்க, கிளையில் போய் நின்றால் ஜெராக்ஸ் கேட்பார்கள், அதில் கையெழுத்துக் கேட்பார்கள், சில இடங்களில் அசலையும் கேட்பார்கள். அலுத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டு வருவது வேலையைச் சீக்கிரம் முடிக்கும்.

வண்டிகள்தான் சில்லறையாகத் தொடங்கி ரூபாயாகச் சேரும் இடம். லைசென்சில் விலாசம் மாற்ற 200 ரூபாய், ஸ்மார்ட் கார்டுக்கு 200. இரண்டு பேருக்கு 800. ஆர்.சி.யில் மாற்றக் கட்டணம் பதிவுக் கட்டணத்தில் பாதி: ஸ்கூட்டருக்கு 150, காருக்கு 300. அவற்றின் கார்டுகளுக்கு 400. ஆக வண்டிக் கணக்கு மொத்தம் 1,650 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு ஆர்.சி. விலாசத்தை 30 நாட்களுக்குள் மாற்றச் சொல்கிறது. ஆதார் மாறிய பிறகு இந்த வேலைகளுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம். 2021 மார்ச்சில் மத்திய அரசு ஆதார் மூலம் நேரில் வராமலே பெறலாம் என்று அறிவித்த 18 சேவைகளில் லைசென்ஸ், ஆர்.சி. விலாச மாற்றம் இரண்டும் உண்டு. வண்டிக் கடன் முடியாதிருந்தால் மட்டும் படிவம் 33-ல் கடன் கொடுத்தவரின் சம்மதமும் வேண்டும். அந்தக் கையெழுத்து வாங்குவதில்தான் 30 நாளும் கரையும்.

கேஸ் இணைப்பில் செலவை விடப் பழைய காகிதத்துக்கு மதிப்பு அதிகம். 2022 ஜூன் 16 அன்று 14.2 கிலோ சிலிண்டருக்கான டெபாசிட் 1,450-லிருந்து 2,200 ரூபாயாகவும், ரெகுலேட்டருக்கு 150-லிருந்து 250 ஆகவும் உயர்ந்தது. பழைய விலையில் இரண்டு சிலிண்டர் எடுத்தவர் கட்டியது 3,050 ரூபாய். அந்த இணைப்பை முறைப்படி மாற்றாமல் ‘அது அங்கேயே இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டு வேளச்சேரியில் புதிதாக எடுத்தால் 4,650. 1,600 ரூபாய் வித்தியாசம் ஒருபுறம், பழைய 3,050 முடங்கிக் கிடப்பது மறுபுறம். இணைப்பு எடுத்த நாளில் கொடுத்த வவுச்சரை கேஸ் புக்கோடு சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு இந்த நஷ்டம் இல்லை. அது எங்கே என்று கேட்டால் பாதி வீடுகளில் அம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

ரேஷன் கார்டில் விலாசம் மாற்ற இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. மாறும் வரை பட்டினியும் இல்லை. 2020 அக்டோபர் முதல் மாநிலத்தின் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம். நடைமுறையில், கிலோ 30 ரூபாய்த் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய் பாமாயிலும் குறைவாக வந்த மாதத்தில் ‘உங்க கார்டு எந்தக் கடைங்க?’ என்ற கேள்வி வரும். பான் கார்டில் விலாசமே அச்சாகவில்லை. வருமான வரித் துறையின் பதிவில் மட்டும் மாற்ற வேண்டும், ஆதார் வழியாகச் செய்தால் இலவசம். பள்ளி, அலுவலகம், பி.எஃப்., இன்சூரன்ஸ், பார்சல் ஆப்கள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

பாஸ்போர்ட்டில் விலாசத்தை மட்டும் தனியே திருத்த முடியாது. புதிய பாஸ்போர்ட்டே எடுக்க வேண்டும். பெரியவருக்கு 1,500 ரூபாய், சிறுவருக்கு 1,000. நான்கு பேருக்கு 5,000, போலீஸ் விசாரணை தனி. பழைய விலாசம் உள்ள பாஸ்போர்ட்டில் விமானம் ஏறத் தடை இல்லை. அதை விலாசச் சான்றாக எங்கும் காட்டும் தேவை இல்லாதவர் அடுத்த புதுப்பித்தல் வரை பொறுத்திருந்தால் 5,000 மிச்சம். என் கணக்கில் இது செலவுப் பக்கத்தில் வராது.

ஆக, பாஸ்போர்ட் நீங்கலாக: ஒப்பந்தம் 5,040, ஆதார் 300, வண்டிகள் 1,650. மொத்தம் 6,990 ரூபாய். ஒப்பந்தத்தை எடுத்துவிட்டால் 1,950. சாமான் ஏற்றிப் போகும் டெம்போவுக்கும் ஏற்றி இறக்கும் ஆட்களுக்கும் கொடுப்பதோடு ஒப்பிட்டால் இது சின்னத் தொகைதான். புரோக்கர் கமிஷனாக ஒரு மாத வாடகை கேட்டால் அது மட்டும் 18,000.

இனி மாற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்ற பக்கம். இங்கே தொகைகளுக்கு உச்சவரம்பு இல்லை. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, சரியான விலாசத்துக்குத் தபால் கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பிய அறிவிப்பு, மாறாக நிரூபிக்கப்படும் வரை சேர்ந்ததாகவே கருதப்படும். செக் திரும்பிய வழக்கில் அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டினால் வழக்கு இல்லை. வங்கியில் இருப்பது மயிலாப்பூர் விலாசம் என்றால், அந்த அறிவிப்பு மயிலாப்பூருக்குத்தான் போகும். 15 நாளும் அங்கேயே ஓடும். வரவில்லை என்று நிரூபிக்கும் பாரம் செக் கொடுத்தவர் தலையில்.

பங்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கடிகாரம். தொடர்ந்து ஏழு ஆண்டு ஈவுத்தொகை கோரப்படாமல் கிடந்தால், பணத்தோடு பங்குகளும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். வங்கியில் பத்து ஆண்டு தொடாத கணக்கும் ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படும். 2024 மார்ச் முடிவில் அதில் 78,213 கோடி ரூபாய் கிடந்தது. அத்தனையும் விலாசம் மாறியதால் சேர்ந்ததல்ல. இறந்தவர் பணம், மறந்த பணம் எல்லாம் உண்டு. ஆனால் நினைவூட்டல் கடிதம் பழைய வீட்டு வாசலோடு திரும்பிப் போன கணக்குகள் அதில் இல்லாமல் இருக்க முடியாது. உரிமை கோரித் திரும்பப் பெற வழி உண்டு. அப்போது கேட்கப்படும் சான்றுகளில் பழைய விலாசத்துக்கும் ஆதாரம் வேண்டியிருக்கும்.

அமெரிக்காவில் தபால் துறைக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தால் முதல் வகுப்புத் தபாலை 12 மாதமும், பத்திரிகைகளை 60 நாளும் புதிய வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார்கள். ஆன்லைனில் செய்தால் ஆளை உறுதிப்படுத்த ஒரு டாலருக்குச் சற்று மேல். நம் தபால் நிலையத்திலும் விலாசம் மாறியதை எழுதிக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் என்ற தனிச் சேவை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டதால், வழக்கறிஞர் அறிவிப்பும் வங்கிக் கடிதமும் இப்போது அந்த வழியில்தான் வருகின்றன. ஆள் இல்லையென்றால் சில நாள் வைத்திருந்து அனுப்பியவருக்கே திருப்பிவிடுவார்கள். மயிலாப்பூர் தபால் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு, அந்தத் தெருவுக்கு வரும் தபால்காரரிடமும் காலி செய்த வீட்டுக்கு அடுத்த வீட்டிலும் போன் நம்பரைச் சொல்லிவைத்துவிட்டு வரலாம். இந்தக் கணக்கில் அதற்கும் செலவு பூஜ்யம்தான்.