பைகளைச் சுமந்த அணித்தலைவி

தலைமை என்றதும் ஏவல் செய்வதுதான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. மாமியார் மருமகளை ஏவுகிறார். மூத்தவள் இளையவளை ஏவுகிறாள். மத்ரஸாவில் பழைய மாணவி, புதிதாக வந்த பிள்ளையின் கையில் தன் கிதாபுகளைக் கொடுத்துவிட்டு முன்னே நடக்கிறாள். ஏவுபவருக்குக் கீழ்ப்படிவு கிடைக்கலாம், மனம் கிடைப்பதில்லை. இதற்கு மாறான ஒரு தலைமைக்கு அமெரிக்க உதைபந்தாட்ட வரலாற்றில் ஓர் உதாரணம் இருக்கிறது.

அவர் பெயர் கார்லா ஓவர்பெக். 1968இல் கலிபோர்னியா மாநிலத்தின் பசடீனா நகரில் பிறந்தவர். வட கரோலினா பல்கலைக்கழக அணியில் 1986 முதல் 1989 வரை ஆடினார். அந்த நான்கு ஆண்டுகளும் அவ்வணியே தேசிய சம்பியன். ஒரு போட்டியிலேனும் அது தோற்கவில்லை. 1991இல் சீனாவில் நடந்த முதலாவது மகளிர் உலகக் கிண்ணத்தை வென்ற அமெரிக்க அணியிலும் அவர் இருந்தார். 1996இல் ஒலிம்பிக் தங்கமும் கிடைத்தது.

அவரது இடம் பின்களம். எதிரணியின் பந்தைத் தடுப்பதே வேலை. கோல் போடுபவரின் பெயர் பத்திரிகையில் வரும். தடுப்பவரின் பெயர் அவ்வளவாக வராது. அப்படிப்பட்ட இடத்தில், தேசிய அணிக்காக ஒரு நிமிடமும் வெளியே அழைக்கப்படாமல் தொடர்ச்சியாக 3,547 நிமிடங்கள் ஆடினார்.

அணித்தலைவியான பின்னர் அவர் செய்த ஒரு காரியமே நமது கவனத்துக்குரியது. வெளியூர்ப் பயணங்களில் அணி ஹோட்டலை அடைந்ததும், சக வீராங்கனைகளின் பைகளைத் தூக்கிச் சென்று அவரவர் அறையில் வைப்பாராம். அவரது பயிற்றுவிப்பாளராயிருந்த அன்சன் டொரன்ஸ் இதனைப் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார். மைதானத்திலோ கார்லா கண்டிப்பானவர். சோம்பியவரைச் சத்தமிட்டே திருத்துவார். ஆயினும் எவரும் அவரை வெறுக்கவில்லை. தமது பையைச் சுமந்த கையல்லவா சுட்டிக்காட்டுகிறது!

1997இல் அவர் தாயானார். மீண்டும் அணிக்குத் திரும்பினார். 1999 ஜூலை 10ஆம் திகதி, பிறந்த ஊரான பசடீனாவிலேயே, தொண்ணூறாயிரத்துக்கும் அதிகமான மக்கள் முன்னிலையில் உலகக் கிண்ண இறுதிப் போட்டி. சீனாவுடனான ஆட்டம் கோலின்றி முடிய, பெனால்டி உதைகளால் முடிவு காண வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் முதல் உதையை அணித்தலைவி கார்லாவே ஏற்று, கோலாக்கினார். 5க்கு 4 என வெற்றி. கடைசி உதையை உதைத்த பிராண்டி செஸ்டெய்னின் பெயர் உலகெங்கும் பரவியது. முதல் உதையின் பாரத்தைச் சுமந்தவரை நினைத்தவர்கள் குறைவு.

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளியுடன் தேசிய அணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1992இல், டியூக் பல்கலைக்கழக மகளிர் அணியில் உதவிப் பயிற்றுவிப்பாளராகச் சேர்ந்திருந்தார். உலகக் கிண்ணம் வென்ற பின்னரும் அங்கேயே உதவியாளராக நின்று, நீண்ட காலம் இளம் பெண்களைப் பயிற்றுவித்தார்.

மைதானத்துப் பெண்ணிடம் நமக்கென்ன பாடம் என்று சகோதரிகள் சிலர் கேட்கலாம். ஆடையிலும் அரங்கிலும் நமது மார்க்க வரம்பு வேறு, அதில் மாற்றமில்லை. ஆனால் இந்தக் குணம் நமக்குப் புதியதன்று. அகழ் யுத்தத்தின்போது நபி (ஸல்) அவர்கள் தோழர்களுடன் சேர்ந்து மண் சுமந்தார்கள். வீட்டில் தமது பாதணியைத் தாமே தைத்தார்கள். பசித்த பிள்ளைகளுக்காக மாவு மூட்டையைத் தம் முதுகில் ஏற்றிய கலீஃபா உமர் (ரழி) அவர்கள், பணியாளர் அதனைக் கேட்டும் கொடுக்கவில்லை. மறுமையில் தமது சுமையை வேறொருவர் சுமக்க முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

நம்மிடமிருந்த பொருளை நாம் மறந்துவிட்டு, பிறர் வீட்டில் கண்டு வியக்கிறோம்.

உம்மாமாரே, மகள் சொல் கேட்பதில்லை என்று குறைப்படுமுன், அவளது சுமையில் எதை நாம் இன்று இறக்கி வைத்தோம் என்று பாருங்கள். மருமகளைத் திருத்த விரும்பும் மாமியார், ஒரு நாள் அவளுக்கு முன்னே எழுந்து அடுப்பை மூட்டட்டும். கண்டிக்கும் உரிமை வயதால் மட்டும் வருவதன்று, பணிவிடையாலும் வருவது. அத்தகைய பொறுப்பாளர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக!