ஓய்வும் உழைப்பின் ஒரு பகுதியே: கடலிலும் துறைமுகத்திலும் பணிபுரிவோருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும்

தூத்துக்குடியில் நாள் அதிகாலையிலேயே தொடங்கிவிடுகிறது. இருள் பிரியுமுன் விசைப்படகுகள் கடலுக்குப் புறப்படுகின்றன. வெயில் ஏறுமுன் உப்பளத் தொழிலாளர்கள் பாத்திகளில் இறங்குகின்றனர். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் பணியும் இறக்கும் பணியும் இரவிலும் தொடர்கின்றன. இவ்வுழைப்புக்குப் பின்னால் பிள்ளைகளின் கல்வி, சொந்த வீடு, கடனில்லாத படகு எனப் பல இலக்குகள் உள்ளன. அவற்றைக் கைவிடுமாறு இக்கட்டுரை கூறவில்லை. அவற்றை அடையும்வரை உங்கள் உடல் தாங்குவதற்கு என்ன தேவை என்பதையே விளக்குகிறது.

முத்துக்குளிப்பில் ஓய்வின் இடம்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தல் பல நூற்றாண்டுகள் நடைபெற்றது. தூத்துக்குடியில் அது கடைசியாக நிகழ்ந்தது 1961ஆம் ஆண்டில். மூச்சடக்கி மூழ்கிய அக்காலத்தில், கல்லைப் பற்றிக்கொண்டு ஒருவர் கீழே செல்வார். அவர் மேலே வந்து இளைப்பாறும்போது அவருடைய இணையாளர் மூழ்குவார். இளைப்பாறும் நேரமும் தொழிலின் முறைக்குள்ளேயே இருந்தது. அதை எவரும் சோம்பல் என்று கருதவில்லை.

இன்று சங்கு குளிக்கச் செல்வோரில் பலர், கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாக வரும் காற்றைச் சுவாசித்து நீண்ட நேரம் கடலடியில் இருக்கின்றனர். ஏறத்தாழ 10 மீட்டர் ஆழத்தில் உடல்மீதான அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இருமடங்காகிறது. அந்த அழுத்தத்தில், சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். விரைந்து மேலே வந்தால், மூடியைத் திறந்த சோடாவில் தோன்றுவதுபோல் உடலுக்குள் குமிழிகள் உண்டாகின்றன. மூட்டுவலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றலாம். கைகால்கள் செயலிழக்கவும் கூடும்.

இத்தொழிலில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை:

• மெதுவாகவும் இடையிடையே நின்றும் மேலே வாருங்கள். ஒரு நாளில் மூழ்கும் முறைகளைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே போதிய ஓய்வு எடுங்கள்.
• மூழ்கியபின் குறைந்தது 24 மணி நேரத்திற்கு விமானப் பயணத்தையும் மலைப்பகுதிப் பயணத்தையும் தவிர்த்திடுங்கள்.
• வலி தோன்றினால், அது தணியும் என்று எண்ணி மீண்டும் கடலில் இறங்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம், எத்தனை முறை மூழ்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் தெரிவியுங்கள். அதைச் சொல்லாவிடில் இது சாதாரண உடல்வலியாகத் தவறாகக் கருதப்படலாம்.

கரையில் உழைப்போருக்கு

கடலில் மூழ்காதவர்களின் உடலிலும் களைப்பு இவ்வாறே உணரப்படாமல் சேர்கிறது. ஓய்வின்றி உழைக்கும்போதும் கவலையில் இருக்கும்போதும் உடல் எச்சரிக்கை நிலையில் இருக்கிறது. அப்போது சுரக்கும் அட்ரினலின், கார்டிசால் ஆகியவை இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் இரத்தச் சர்க்கரையையும் உயர்த்துகின்றன. சற்று நேரத்திற்கு இது உதவும். தூக்கமின்றி மாதக்கணக்கில் தொடர்ந்தால் தீங்காகும். உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்திற்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைக் காட்டிலும் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்போருக்குப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடும், மாரடைப்பு முதலான இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் கூடுதலாக உள்ளன.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டுவதில்லை. "எனக்கு ஒன்றும் இல்லை, வேலை செய்ய முடிகிறது" என்று புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். வேலை செய்ய முடிவது நலத்திற்குச் சான்றாகாது. இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தால்தான் தெரியும்.

கூலியை இழக்காமல் ஓய்வு பெறுவது எப்படி?

ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி இல்லை என்பதை நாங்கள் அறிவோம். ஆகவே, இருக்கும் நேரத்திற்குள்ளேயே செய்யக்கூடியவற்றை முதலில் பாருங்கள்.

• நாள்தோறும் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. இரவுப் பணி முடிந்து வருவோர் இருட்டான, அமைதியான அறையில் உறங்குங்கள். அந்நேரத்தில் கைப்பேசியை அணைத்து வையுங்கள்.
• தூக்கம் வரும்போது தேநீர் அருந்தி வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 20 நிமிடங்கள் உறங்குங்கள்.
• உப்பளத்தில் பணிபுரிவோர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்துங்கள். நிழலில் இடையிடையே அமருங்கள்.
• களைப்பைப் போக்க மது, புகையிலை ஆகியவற்றை நாடாதீர்கள். மது தூக்கத்தின் தரத்தைக் கெடுக்கிறது. புகையிலை இரத்தக்குழாய்களைச் சேதப்படுத்துகிறது.
• ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் மீன்வளம் பெருகுவதற்காக வகுக்கப்பட்டது. விசைப்படகில் செல்வோர் அந்நாள்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை, கண் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள்.

30 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்பரிசோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், உயர் இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் வீட்டிற்கே வழங்கப்படுகின்றன. உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

குடும்பத்தினருக்கும் பராமரிப்பாளர்களுக்கும்

காரணமற்ற எரிச்சல், தொடர்ந்த தூக்கமின்மை, பசியின்மை, பேச்சு குறைதல், வேலையில் அடிக்கடி தவறு நேர்தல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். "ஏன் சோர்ந்திருக்கிறாய்?" என்று கடிந்துகொள்ளாமல், எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று கேளுங்கள். வாழ்வதில் விருப்பமில்லை என்று அவர் சொன்னால் தனியே விடாதீர்கள். கட்டணமில்லா டெலிமானஸ் எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும். இரவில் கண்விழிக்கும் பொறுப்பை வீட்டிலுள்ளவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

உடனே 108ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

• நெஞ்சில் அழுத்தம் அல்லது வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வையுடன் மூச்சுத்திணறல்
• முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சு குழறுதல்
• வெயிலில் பணிபுரியும்போது குழப்பம், மயக்கம், உடல் கொதித்தல்

இவற்றில் எதுவாயினும், பணிநேரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கவாதத்திலும் மாரடைப்பிலும் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் மூளையையும் இதயத்தையும் மேலும் பாதிக்கிறது. பணியை அங்கேயே நிறுத்திவிட்டு உதவி கேளுங்கள்.