உங்கள் இரத்தத்திலிருந்தே ஒரு கண் மருந்து

மூக்குக் கண்ணாடியைத் துறக்க விரும்பி லேசிக் சிகிச்சை செய்துகொண்டோருள் சிலர், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து எங்களிடம் திரும்பி வருவதுண்டு. பார்வைப் பலகையின் கடைசி வரியைத் தடையின்றிப் படித்துவிடுவர். ஆனால், கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது என்பர். சிகிச்சை தோற்றுவிட்டதோ என்னும் அச்சம் அந்த உறுத்தலைவிட அவர்களை மிகுதியாக வாட்டுகிறது. தோற்கவில்லை, காரணம் வேறு.

லேசிக் சிகிச்சையில் கருவிழியின் மேலடுக்கை மெல்லிய மூடிபோல் வெட்டித் திறந்தே லேசர்க் கதிரைச் செலுத்துகிறோம். அப்போது அங்குள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண் உலர்வதை உணர்ந்து கண்ணீர்ச் சுரப்பியைத் தூண்டுபவை அந்நரம்புகளே. தூண்டல் குறையவே சுரப்பும் குறைகிறது, இமைப்பதும் குறைகிறது. நரம்புகள் மெல்ல மீண்டும் வளரும். பெரும்பாலோருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் தொல்லை தணிந்துவிடும். அதுவரை செயற்கைக் கண்ணீரும், தேவைப்பட்டால் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தும், கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சிறு அடைப்பானும் போதும்.

இவற்றால் தணியாத சிலருக்கே நாங்கள் சீரம் சொட்டு மருந்தைப் பரிந்துரைக்கிறோம். "என் இரத்தத்தையா கண்ணில் விடுவது?" என்று முகம் சுளிப்பவர் உண்டு. கண்ணில் விடுவது இரத்தமன்று. கையிலிருந்து எடுக்கும் இரத்தத்தை உறையவிட்டு, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றினால், மேலே இளமஞ்சள் நிறத்தில் தெளிந்து நிற்பதே சீரம். வழக்கமாக அதன் ஒரு பங்குடன் நான்கு பங்கு உப்புக்கரைசல் சேர்த்துச் சிறு குப்பிகளில் அடைக்கிறோம். இயற்கைக் கண்ணீரில் உள்ள வைட்டமின் ஏ, திசு வளர்ச்சிக் காரணிகள் முதலியன இதிலும் உள்ளன. கடையில் வாங்கும் செயற்கைக் கண்ணீரில் அவை இல்லை. வறண்ட கண்ணுக்கு இம்மருந்து பயன்படுவதை 1984-ஆம் ஆண்டிலேயே மருத்துவர்கள் எழுதியுள்ளனர். எனினும் எல்லோருக்கும் ஒரே அளவில் பலன் தருவதில்லை. நிறுத்தியபின் உறுத்தல் திரும்புவதும் உண்டு.

இனி, நாங்கள் பெரிதும் கவலைப்படும் செய்திக்கு வருவோம். இம்மருந்தில் கிருமியைத் தடுக்கும் பதப்பொருள் ஏதும் சேர்ப்பதில்லை. நம் கண்ணுக்கு ஊட்டமளிப்பது கிருமிக்கும் ஊட்டமளிக்கும். ஆகவே இருப்புக் குப்பிகள் ஃப்ரீசரில் உறைந்தே இருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குமேல் வைக்கலாகாது. பயன்பாட்டில் உள்ள குப்பி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் மீதியை எறிந்துவிட வேண்டும். குப்பியின் முனை இமையிலோ விரலிலோ படலாகாது. ஒருவர் குப்பியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நெடுந்தூரம் பேருந்தில் சென்று, வீணாகக் கூடாதே என்று அதையே தொடர்ந்து இட்டுக்கொண்டார். நல்வேளையாகத் தீங்கு நேரவில்லை. பயணத்தில் பனிக்கட்டி இட்ட ஃபிளாஸ்க் தேவை. மின்வெட்டு நீண்டு, உறைந்த குப்பிகள் இளகிவிட்டால் மீண்டும் உறைய வைக்காமல் எங்களைக் கேளுங்கள்.

உடன்பிறந்தோர்க்கும் கண் எரிகிறது என்று பகிர்ந்துகொள்ளவே கூடாது. இது ஒருவர் உடலின் இரத்தப் பொருள். இதனாலேயே எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகளுக்கான பரிசோதனைகளை முன்னதாகச் செய்கிறோம். குப்பியில் ஒட்டிய பெயரைச் சொட்டு விடுபவர் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும்.

கண் சிவந்து வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள். வரும்போது அந்தக் குப்பியையும் மறவாமல் எடுத்து வாருங்கள். அதையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.