அடித்த தழும்பா, இரத்தத் தட்டுக் குறைவா?

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தாயார் மதரஸா வாயிலில் வந்து நின்று, "ஹஜ்ரத், பிள்ளையை இப்படியா அடிப்பது?" என்று கண்கலங்கினார். ஆறு வயதுப் பாலகன். கால்களில் ஊதாநிறக் கன்றல்கள். குண்டூசித் தலையளவில் செம்புள்ளிகள். நானோ அவனைத் தொட்டதே இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் வந்துபோன சளிக் காய்ச்சலை அனைவரும் மறந்திருந்தோம். இரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் எனும் தட்டுகள் 12,000. மைக்ரோ லிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டியவை அவை!

இந்நோயை ஐ.டி.பி. என்பர். கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் காவற்படை வழிதவறித் தன் தட்டுகளையே குறிவைக்க, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. 1950 வாக்கில் வில்லியம் ஹாரிங்டன் எனும் அமெரிக்க மருத்துவர் நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டுகளும் சரிந்தன. காரணம் இரத்தத்தில் கலந்துள்ள பொருளே என்பது அவ்வாறு துலங்கிற்று. ஆயினும் இது பிறருக்குத் தொற்றும் நோயன்று.

வெளிறல், எலும்பு வலி, நெறிகட்டு உண்டா என்று ஆராய்ந்த மருத்துவர், "மருந்து வேண்டாம், கவனித்து வாருங்கள்" என்றார். பாட்டியாருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதே முறை. எண்ணிக்கையைவிட இரத்தக் கசிவையே மருத்துவர்கள் பெரிதாகக் கருதுகின்றனர். தோலில் மட்டும் புள்ளிகள் உள்ள பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஓராண்டுக்குள் தாமாகவே தேறிவிடுகின்றனர். மூக்கிலும் வாயிலும் இரத்தம் நில்லாது வழிந்தால் சில நாள் ஸ்டீராய்டு மருந்தோ, நரம்பு வழி இம்யூனோகுளோபுலினோ தருவர். பின்னதைக் குழந்தைகளுக்குப் பயன்படுத்தி 1981இல் வெளியிட்டவர் சுவிட்சர்லாந்தின் பவுல் இம்பாக்.

தலையில் அடிபட்டாலோ, கடுந் தலைவலி, வாந்தி, மயக்கம், கறுத்த மலம் கண்டாலோ நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். மூளையில் இரத்தம் கசிவது நூற்றில் ஒருவருக்கும் குறைவே. எனினும் உயிரைப் பறிக்க வல்லது. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் அறவே கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். தசையில் ஊசி போடுமுன் மருத்துவரிடம் நோயைச் சொல்லிவிடுங்கள். காய்ச்சலோடு தட்டுகள் குறைந்தால் டெங்குவாக இருக்கலாம். அதன் மருத்துவம் வேறு. பப்பாளிச் சாற்றை நம்பி நாள் கடத்தாதீர்கள்.

நம் வீடுகளில் மற்றொன்றும் உண்டு: சுன்னத். அப்பாலகனுக்கு மண்டபம் பேசி, அழைப்பும் கொடுத்தாகிவிட்டது. தட்டுகள் ஏறி, மருத்துவர் இசைவு தரும்வரை கத்தி படக்கூடாது என்றதும் உறவினர் முகம் சுளித்தனர். தகப்பனார் அசையவில்லை, மண்டபத்து முன்பணம் போனது போனதுதான். ஐந்து மாதம் கழித்து, அல்ஹம்துலில்லாஹ், 2,10,000 என்று சீட்டு வந்தது. அடுத்த விடுமுறையில் வீட்டளவில் சுன்னத்தை முடித்து, எனக்கும் ஒரு தூக்கு நெய்ச்சோறு கொடுத்தனுப்பினார் அந்தத் தாயார்.